கோட்டைச்சாமி போட்ட வாசப்படி

ஊருக்கு உழைப்பது என்று கோட்டைச்சாமி முடிவெடுத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதுவரை உழைத்ததெல்லாம் தன் தோட்டத்துக்கும் தன் வீம்புக்கும்தான். இரண்டும் நன்றாகவே விளைந்திருந்தன.

2006, தை மாசம், மத்தியானச் சாப்பாடு. பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அறிவித்தார்.

"நான் ரயில்வே ஸ்டேஷனச் சரி பண்ணப் போறேன்."

சோணையம்மாள் குழம்புக் கரண்டியோடு நிமிர்ந்தாள். முப்பத்திமூன்று வருசமாக அவருக்கு மனைவி. ஒருநாளும் எதிர்த்துப் பேசியவள் இல்லை. இந்த உலகத்தில் கோட்டைச்சாமிக்குப் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"எந்த ஸ்டேஷன?"

"நம்ம வெள்ளக்கரட்டு ஸ்டேஷனத்தான். நமக்கு எத்தன ஸ்டேஷன் இருக்கு?"

"ஒண்ணுதான். அங்கனயும் ஆடுதான படுத்திருக்கு."

"ஆட்டப் பத்தி விட்ருவோம்."

"ஆட்டப் பத்திவிட்டா ரயிலு நின்னுருமா?"

"நிக்க வைப்பேன்."

"எதுக்கு?"

அவர் கையிலிருந்த சோற்றை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"ஊருக்காக. ஒரு மனுசன் ஊருக்கு நல்லது பண்ணக்கூடாதா?"

"பண்ணுங்க. யாரு வேணாம்னா?" என்று குழம்பு ஊற்றினாள்.

அந்த ஸ்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மதுரையிலிருந்து போடிக்குப் போகிற சின்ன ரயில், ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் நடுவில் வெள்ளக்கரட்டு ஊர் எல்லைக்கு வெளியே ஒரு நிமிசம் நிற்கும். காலையில் மேற்கே ஒரு தடவை, சாயங்காலம் கிழக்கே ஒரு தடவை. சிக்னல் கிடையாது, ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. ஏஜெண்ட் ஒருத்தர் தேனியில் போய் டிக்கெட் வாங்கிவந்து ஜன்னலில் வைத்து விற்பார். விற்றால் கமிஷன். வெள்ளக்கரட்டில்தான் ஒருத்தரும் டிக்கெட் எடுக்கமாட்டார்களே! நம்ம ஊர் ரயிலுக்கு நாமே டிக்கெட் எடுப்பதா என்று ஒரு ரோசம். ஏஜெண்ட் காய்ந்துபோய் ஓடிவிட்டார். 1997-ல் ரயில் நிற்பதும் நின்றுபோனது. கட்டடத்தின் இரண்டு அறைகளையும் ஆடுகள் எடுத்துக்கொண்டன. பிளாட்பாரத்தைச் சீமைக்கருவேல் எடுத்துக்கொண்டது.

ஆனால் கோட்டைச்சாமிக்குக் கவலை ஆடுமில்லை, கருவேலுமில்லை. அவருக்குக் கவலை மகள்.

ஒரே மகள். பேரை நான் இப்போது சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது. தேனியில் பி.ஏ. படித்தவள், படிக்கப் போன ரயிலிலேயே ஸ்டான்லி என்ற பையனோடு பழகி, 1998-ல் அவனையே கட்டிக்கொண்டாள். தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். தங்கமான பையன். அதைக் கோட்டைச்சாமியிடம் யார் சொல்வது? அவர் நேரே கருப்பசாமி கோயிலுக்குப் போனார். ஊர் கூடி நிற்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார்.

"அவ வீட்டு வாசப்படிய என் காலு மிதிச்சா, மிதிச்ச காலு வெளங்காமப் போகட்டும். அவ பேரு இனிமே என் காதுல விழக்கூடாது. ஆமா!"

ஊர் அதை மதித்தது. அதே பேர் கொண்ட மாவுமில்காரர் மகளை எல்லோரும் 'மில்லுப் புள்ள' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோட்டைச்சாமியும் சத்தியத்தை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினார். மகள் ஆண்டிபட்டியில் குடியிருப்பது தெரியும். எந்த வீடு என்று தெரியாது. அதனால் ஆண்டிபட்டியில் எந்த வீட்டுப் படியும் ஏறுவதில்லை. கொழுந்தியாள் மகன் கல்யாணத்துக்குப் போனவர் தெருவில் நின்றபடியே இலையைக் கையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஆண்டிபட்டி வழியாகப் பஸ்ஸில் போனால், ஊர் தாண்டுகிற வரைக்கும் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொள்வார். கண்டக்டர் திட்டுவார். எதற்கு வம்பு என்று திட்டு வாங்கிக்கொள்வார்.

மகளும் அவருக்குத்தானே பிறந்தவள்! "அப்பா வந்து கூப்புடாம அந்த ஊரு எல்லைய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சூடம் அணைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டு வருசம் ஓடிப்போனது. ஒரு பேத்தி பிறந்தாள். அந்தச் செய்தியை டீக்கடையில் யாரோ யாரிடமோ சொல்வதுபோல அவருக்குச் சொன்னார்கள். கோட்டைச்சாமிக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. மகளைப் பார்க்கவேண்டும். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும். ஆனால் சூடம் அணைத்த கையாயிற்றே.

அப்போதுதான் காதில் விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் குடும்பம் தேனிக்கு மாமியார் வீட்டுக்கு ரயிலில் போகிறது என்று. அன்றைக்கிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்து ஓரம் மேய்க்கப் போவார். ரயில் வரும். தலைகள் தலைகளாக ஓடும். எது மகள் தலை என்று தெரிவதற்குள் கடைசிப் பெட்டி போய்விடும். ஆடு மிரண்டு கயிற்றோடு இவரை இழுத்துக்கொண்டு முள்ளுக்குள் ஓடும்.

ரயில் ஒரு நிமிசம் நின்றால்? ஜன்னலில் முகம் பார்க்கலாம். அவள் வீட்டு வாசப்படியை மிதிக்கவேண்டியதில்லை. சத்தியமும் நிற்கும், ரயிலும் நிற்கும். இதுதான் கோட்டைச்சாமியின் ஊர்சேவை. இந்த ரகசியம் தனக்கும் அந்த ஆட்டுக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பினார்.

அன்று சாயங்காலம் சோணையம்மாள் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

"கமிட்டி போடப்போறீகளாம்ல. தலைவரா அய்யாத்துரை அண்ணன் இருக்கட்டும். படிச்சவுக. ஒங்களுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு?"

"ஏன், எனக்கென்ன கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரு சொன்னா? முழங்கால் வலிக்காரரு. வெயில்ல நின்னு வேலை வாங்கணும்ல."

விளக்கு வைக்கிற நேரத்தில் கோட்டைச்சாமி தலைவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அய்யாத்துரை செயலாளர்.

வேலை நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு ஒரு ஆள், வாரத்துக்கு ஒரு நாள். சீமைக்கருவேலை வேரோடு பறித்தார்கள். அறைகளிலிருந்து ஆட்டுப்புழுக்கை மட்டும் மூன்று வண்டி போனது. அதில் இரண்டு வண்டி தலைவர் தோட்டத்துக்குப் போனது, அதை விடுங்கள். மகளிர் குழுப் பெண்கள் சுண்ணாம்பு அடித்தார்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் மறுபடி எழுந்தது. கோட்டைச்சாமி தினமும் மண்வெட்டியோடு முதல் ஆளாக நின்றார். முழங்கால் வலி எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

மதுரை ஆபீசுக்கு மனுவுக்கு மேல் மனு. ஒருவழியாகக் கடிதம் வந்தது. ஆறு மாசம் சோதனையாக ரயில் நிற்கும். டிக்கெட் விற்பனை இருந்தால் தொடரும். ஏஜெண்ட் ஒருவரைக் கமிட்டி சிபாரிசு செய்யவேண்டும். உள்ளூர்க்காரராக இருக்கவேண்டும். டிக்கெட் விற்கும் அறை போக, இன்னொரு அறையில் அவர் குடும்பத்தோடு குடியிருக்கலாம்.

கமிட்டி கூடுகிற அன்று மத்தியானம், சோணையம்மாள் மோர் ஊற்றிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏஜெண்ட் வேலைக்கு யாரோ எழுதிப் போட்ருக்காகளாம்ல?"

"ஒரே ஒரு விண்ணப்பந்தான். இன்னைக்கு முடிவு பண்ணணும்."

"பாத்துச் செய்ங்க. ஊருக்குள்ள ஒரு மாதிரியாப் பேசிக்கிறாக."

"என்னா பேசுறாக?"

"எனக்கெதுக்கு? தலைவரு ஆளு பேரப் பாத்து, இன்னாரு வீடு, இன்ன வகையறான்னு பாத்துத்தான் கையெழுத்துப் போடுவாருன்னு முத்துவீரன் சித்தப்பா சொல்லிக்கிட்டுத் திரியிறாக."

"யாரு, நானா? நான் பேரப் பாக்குற ஆளா?"

"நான் சொல்லல. ஊரு சொல்லுது."

"பேரே பாக்க மாட்டேன்! தகுதி மட்டுந்தான். பேரச் சொல்லி வாசிச்சா நான் கமிட்டியில இருந்தே எந்திரிச்சுப் போயிருவேன்."

"அப்படியும் நடக்குமா என்ன?" என்று சோணையம்மாள் ஆச்சரியப்பட்டாள். ஆச்சரியப்பட்டுக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி மோர் ஊற்றினாள்.

சாயங்காலம் கூட்டம். அய்யாத்துரை விண்ணப்பத்தைப் பிரித்தார். தலைவரைப் பார்த்தார்.

"விண்ணப்பதாரர் பேரு..."

"நிறுத்துங்க!" என்று கோட்டைச்சாமி கையை உயர்த்தினார். "பேரு வேணாம். பேரச் சொன்னா வகையறா தெரியும். இங்கன ஓரவஞ்சனை கெடையாது. தகுதிய மட்டும் வாசிங்க."

கமிட்டி மொத்தமும் மூச்சு விட்டது. அந்தச் சத்தத்தைக் கோட்டைச்சாமி பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"படிப்பு பி.ஏ. தலைவரே."

"நல்லது. ஊரு?"

"பொறந்தது இங்கனதான். பொண்ணு. கல்யாணமாகி ஒரு பொம்பளப் புள்ள இருக்கு."

"தகப்பன் யாரு?"

அய்யாத்துரை காகிதத்தின் மேல்பாதியை மடித்தார். "அதச் சொன்னா பேரு வந்துருமே தலைவரே."

"அதுவும் சரிதான். அந்தத் தகப்பன் ஆளு எப்படி? அதையாச்சும் சொல்லுங்க."

அய்யாத்துரை தலைவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல மனுசன்தான். என்ன, கொஞ்சம் வீம்பு."

"வீம்பு புடிச்சவன் மகளா? பாவம், அவனக் கட்டி அழுதுட்டு இருந்திருக்கும் அந்தப் புள்ள. கொண்டாங்க" என்று, மேல்பாதி மடித்த காகிதத்தில் கோட்டைச்சாமி பெரிசாகக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ராத்திரி தன் நேர்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

ஆர்டர் வந்ததும் சோணையம்மாள் சொன்னாள்: "அந்த ரூமுக்கு வாசப்படி ஒடஞ்சு கெடக்கு. பச்சப் புள்ளையோட வருவாக. தடுக்கி விழுந்தா தலைவரத்தான் சொல்லுவாக."

"சிமெண்ட் பூசிருவோம்."

"பூசலாம். நம்ம கெணத்தடியில அந்தத் துவைகல்லு சும்மாதான கெடக்கு. நல்ல கருங்கல்லு."

கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், மட்டம் பார்த்து, ஜல்லி போட்டு, கோட்டைச்சாமியே பதித்தார். சோணையம்மாள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். "ஊரான் வீட்டுக்கு இவ்வளவு சடங்கா?" என்று கேட்டார். "குடி வர்றவுக நல்லா இருக்கணும்ல" என்றாள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் பீடி குடிப்பார். காலை நீட்டினால் நிழல், காற்று. தன் கையால் போட்ட படி என்று ஒரு பெருமை வேறு.

2007, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிற்கிற நாள்.

வாழைமரம், மேளம், மைக்செட். ஊரே பிளாட்பாரத்தில். டிக்கெட் ஜன்னலில் வரிசை. பத்து வருசத்துக்கு முன்னால் டிக்கெட் எடுக்க ரோசப்பட்ட ஆட்கள் முண்டியடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைச்சாமி புது வேட்டி, மடித்த துண்டு, மை போட்ட மீசை.

"ஏஜெண்ட் விடியக்காலையே வந்தாச்சு தலைவரே. உள்ள வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க" என்றார் அய்யாத்துரை.

"ரயில் வந்து போகட்டும்யா. ஏஜெண்ட் எங்க ஓடிரப் போகுது?"

அவர் கண்ணெல்லாம் கிழக்கே இருந்தது. ஒன்பது வருசம். மகள் இளைத்திருப்பாளா? தன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளா? பேத்தி யார் ஜாடை?

ரயில் வந்தது. வேகம் குறைந்தது. நின்றேவிட்டது. குலவைச் சத்தம் கரட்டு மலை வரைக்கும் கேட்டது. டிரைவருக்கு மாலை போட வேண்டிய தலைவர் மாலையோடு பெட்டி பெட்டியாக ஓடினார். முதல் பெட்டி, ஒவ்வொரு ஜன்னலாக. இல்லை. இரண்டாவது. இல்லை. "தலைவரே, இஞ்சின் அந்தப் பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள். கடைசிப் பெட்டி. சேலை சேலையாகப் பார்த்தார். யாரோ ஒரு பாட்டையா ஜன்னலில் தலை நீட்டி, "எனக்கா சாமி மாலை?" என்று கேட்டார்.

கார்டு பச்சைக்கொடி காட்டினார். ரயில் போய்விட்டது.

கூட்டம் கை தட்டியது. கோட்டைச்சாமி யாரையும் பார்க்காமல் கட்டடத்தின் பின்பக்கம் நடந்தார். தான் போட்ட படியில் போய் உட்கார்ந்தார். அழுகை வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு வருசம் மண்வெட்டி பிடித்தது, மனுவுக்கு மேல் மனு போட்டது எல்லாம் ஒரே ஒரு முகத்துக்காக. அந்த ஒரு முகம் மட்டும் வரவில்லை.

முதுகுப்பக்கம் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"தாத்தா, எதுக்கு அழுகுறீக?"

ஆறு வயசுப் பெண். ரெட்டைச்சடை. நெற்றி அப்படியே சோணையம்மாள் நெற்றி. மூக்கு... மூக்கைப் பார்த்ததும் கோட்டைச்சாமியின் கை தன்னையறியாமல் தன் மூக்கைத் தொட்டது.

"யாரு புள்ள நீ? பேரென்ன?"

"ஜெஸ்லின். அம்மா உள்ள டிக்கெட் எண்ணுது."

அந்த நேரம் சோணையம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். பிள்ளை "அம்மாச்சி" என்று ஓடிப்போய் அவள் இடுப்பில் ஏறிக்கொண்டது. புது இடுப்பில் அப்படி யாரும் ஏறமாட்டார்கள்.

கோட்டைச்சாமி துள்ளி எழுந்து படிமேலேயே நின்றார்.

"ஏய், இதுக்கு உன்ன எப்படித் தெரியும்?"

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம பாக்குறேனே."

"அன்னைக்கு மகளிர் குழுக் கூட்டம்ல?"

"ஆமா. ஆண்டிபட்டியில, இவ வீட்லதான் கூட்டம்."

"நான் சத்தியம் பண்ணிருக்கேன்ல!"

"சூடம் அணைச்சது நீங்க. நானா அணைச்சேன்?"

அவருக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. பி.ஏ. இங்கனதான் பிறந்தது. ஒரு பொம்பளப் புள்ள. வீம்பு பிடித்த தகப்பன். மெதுவாகக் குனிந்து காலடியைப் பார்த்தார். துவைகல். மஞ்சள். குங்குமம். ஒரு காலைச் சட்டென்று தூக்கினார். அடுத்த காலும் அதே கல்லில்தான் இருந்தது. ஒற்றைக்காலில் தள்ளாடித் தூக்கிய காலை மறுபடி அங்கேயே வைத்தார்.

"அடிப்பாவி, இது அவ வாசப்படியா?"

"ஆர்டர் வந்து நாப்பத்தோரு நாளாச்சு. அன்னையிலருந்து அவ வாசப்படிதான். தெனமும் மிதிக்கிறீக. காலு என்ன, வெளங்காமயா போச்சு? இருந்த முழங்கால் வலியும்ல போச்சு. கருப்பன் கிட்டப் பூக்கட்டிக் கேட்டுட்டேன். வெள்ளப்பூதான் வந்துச்சு, சாமி சரின்னுட்டாரு."

ஜன்னலோரம் நின்ற பெண்கள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஆட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் வந்து அறை நடுவில் நின்றாள். கையில் டிக்கெட் கட்டு. இளைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஒரு எட்டு முன்னால் வைக்கவில்லை. ஸ்டேஷன் ஊர் எல்லைக்கு வெளியே என்பதால் அவள் சொன்ன சொல்லும் தவறவில்லை. அப்பா கூப்பிடவேண்டும் என்று நின்றாள்.

ஒன்பது வருசமாகக் காதில் விழக்கூடாது என்று வைத்திருந்த பேர், அவர் வாயிலிருந்தே வந்தது.

"விஜி."

"அப்பா" என்றாள். அவ்வளவுதான் அவளாலும் முடிந்தது.

கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். கண்ணைத் துடைத்தார். மீசை மை கன்னமெல்லாம் ஓடியிருந்தது. இருந்தாலும் ஊர் பார்க்கிறதே. மிச்சமிருந்த வீம்பையெல்லாம் ஒன்றாகத் திரட்டி நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாஞ் சரி. ஆனா சத்தியம்னா சத்தியந்தான். நான் உள்ள வரமாட்டேன். இப்படியே, இந்தப் படியிலேயே நின்னு பாத்துக்கிறேன்."

சோணையம்மாள் பேத்தியை இறக்கிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவரை ஒட்டி உள்ளே போனாள்.

"படிய மிதிக்க மாட்டேன்னுதான சத்தியம் பண்ணீக? உள்ள வரமாட்டேன்னு எப்பச் சொன்னீக? மொதல்ல அந்தப் படிய விட்டுட்டு உள்ள வாங்க, சோறு ஆறுது."